மெக்கிட்ரிக்கில் வாகன நிறுத்துமிடத்தைப் பெரிதாக்க வேண்டாம்

அமெரிக்காவின் மேற்கு டெக்சஸ் என்றால் கள்ளியும் முட்புதரும் மண்டிய வறண்ட நிலம். அங்கே குவாடலூப் மலைத் தேசியப் பூங்காவில், மெக்கிட்ரிக் என்ற மலையிடுக்கில் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதிவரை மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கின்றன. பனியுகம் முடிந்து இந்த மண் காய்ந்தபோது, சமவெளியில் இருந்த ஈரக்காடு அழிந்தது. உயரமான சுவர்களின் நிழலும் வற்றாத ஓடையும் இருந்த இந்த இடத்தில் கொஞ்சம் தப்பியது. அந்த மிச்சத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது.

சில வார அழகு என்பதால் நெரிசலும் சில வாரத்துக்குள் குவிகிறது. பெரும்பாலான பார்வையாளர் நடக்கும் பாதையும் ஒன்றுதான். பிராட் குடிசை எனப்படும் கல்வீடுவரை போய்த் திரும்ப ஏறக்குறைய 8 கிலோமீட்டர், குகைபோன்ற குரோட்டோவரை என்றால் 11. மேப்பிள்கள் நிற்பதும் அதே ஓடைக்கரைதான். படம் எடுக்க ஒருவர் பாதையை விட்டு இறங்கினால், அடுத்தவருக்கு அது வழியாகிவிடும். மிதிபட்ட மண் இறுகினால் மழைநீர் உள்ளே இறங்காது, இளங்கன்று பிழைக்காது. நாளை சிவக்க வேண்டிய மரம் இன்றைக்கே போய்விடுகிறது.

எனவே இந்தப் பள்ளத்தாக்குக்குப் போகும் சாலையின் கதவைக் காலையில் திறந்து மாலையில் பூட்டுவதும், ஓடையில் இறங்கக் கூடாது என்பதும், நாயை அழைத்துவரத் தடையும் சரியான விதிகள். வெகுதூரம் காரோட்டி வந்து, வாகன நிறுத்துமிடம் நிரம்பியதால் காத்திருக்க நேர்பவருக்குக் கோபம் வருவது நியாயம். வரிப்பணத்தில் நடக்கும் பூங்காதானே, நிறுத்துமிடத்தைப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிறுத்துமிடம் பெருகலாம், ஓடைக்கரை பெருகாது. நிறுத்துமிடத்தில் நிற்கும் கார்களின் எண்ணிக்கைதான் உள்ளே நடப்பவர்களின் எண்ணிக்கையையும் கட்டுக்குள் வைக்கிறது.

இந்த இடம் பொதுச்சொத்து ஆன கதையையும் நினைக்க வேண்டும். வாலஸ் பிராட் ஹம்பிள் ஆயில் நிறுவனத்தின் நிலவியலாளர். எண்ணெய் தேடிப் பெயரெடுத்தவர். இந்த மலையின் சுண்ணாம்புப் பாறை 26 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்திட்டு. அந்தப் பழங்கடலின் படுகையில்தான் மேற்கு டெக்சஸின் எண்ணெய் வளம் புதைந்திருக்கிறது. பாறையின் மதிப்பை அவரைவிட அறிந்தவர் குறைவு. 1930-களில் இங்கே கல்லால் குடிசை கட்டிக்கொண்டவர், பின்னாளில் 5,000 ஏக்கருக்கு மேல் தேசியப் பூங்காத் துறைக்குக் கொடையாகத் தந்துவிட்டார். 1972-இல் பூங்கா உருவாக அந்த நிலம் அடித்தளம் ஆனது. விற்றிருந்தால் பணம் குவிந்திருக்கும் நிலத்தை ஒருவர் விட்டுக்கொடுத்திருக்க, நாம் ஒரு சனிக்கிழமையை விட்டுக்கொடுப்பது பெரிதல்ல.

போக விரும்புகிறவர்கள் வார நாளில், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேருங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள். நிறுத்துமிடம் நிரம்பியிருந்தால், பூங்காவின் மற்றப் பாதைகளில் ஒன்றில் நடந்துவிட்டு வேறொரு நாள் வாருங்கள்.