காமாலை: பச்சிலைக்கு முன் பரிசோதனை

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. உண்மையில் நோயாளிக்கு எதுவும் மஞ்சளாகத் தெரிவதில்லை. அவர் கண்ணைப் பார்க்கும் நமக்குத்தான் தெரிகிறது. தெரிந்தவுடன் நாம் செய்வது என்ன? சித்தூரிலும் திருப்பதியிலும் பல வீடுகளில் முதல் யோசனை ஒன்றுதான். நாம் கீழாநெல்லி என்கிறோம். தெலுங்கர் நேல உசிரி என்கின்றனர். அதை அரைத்து மோரில் கொடுப்பதும், மந்திரித்த கயிறு கட்டுவதும், கையில் சூடு போடுவதும் முடிந்த பிறகே டாக்டர் நினைவு வருகிறது.

பச்சிலையைப் பழிப்பது நமது நோக்கமல்ல. ஆனால் காமாலை ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். அசுத்தக் குடிநீரால் வரும் 'ஏ', 'இ' வகைக் காமாலைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே தணியும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் நற்பெயர் அதற்குத்தான்! கீழாநெல்லி 'பி' வகைக் கிருமியை அகற்றும் என்று 1988இல் சென்னை ஆய்வாளர்கள் எழுதியது உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை.

பித்த நாளத்தில் கல் அடைத்தாலும், கணையத்தில் புற்று வந்தாலும், மதுவால் ஈரல் சுருங்கினாலும் கண் மஞ்சளாகும். இவற்றுக்குப் பச்சிலை தின்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் உயிருக்கு நட்டம். மலம் வெளுத்து உடல் அரித்தால் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். மயக்கம், பிதற்றல், ரத்த வாந்தி, கருத்த மலம் கண்டால் அன்றே ஆஸ்பத்திரி சேர வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 'இ' வகை அவர்களுக்கு உயிர்க்கொல்லி.

காரணத்தை அறிய ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரும்பாலும் போதும். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் 'பி', 'சி' வகைகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 'சி' வகை பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணமாகிறது. 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். உப்பும் எண்ணெயும் அறவே நீக்கி நோயாளியைப் பட்டினி போடுவதும் தவறு. வயிற்றில் நீர் கோத்தவருக்கே உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். மது மட்டும் எவருக்கும் கூடாது.

திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரியும் ஸ்விம்ஸும் இருக்கின்றன. சித்தூருக்கு வேலூர் பக்கத்தில்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. குறை முதல் படியில்தான். ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் காமாலைக்கான ரத்தப் பரிசோதனை தவறாமல் நடக்க வேண்டும். தமிழர் மிகுந்த நகரி, புத்தூர், குப்பம் பகுதிகளில் எச்சரிக்கைப் பலகைகள் தமிழிலும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூலம் குடிநீர். 1955-56இல் டில்லியில் சாக்கடை கலந்த யமுனை நீரால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. நாள்தோறும் பல்லாயிரம் யாத்திரிகர் வந்து போகும் திருப்பதிக்கு அந்தப் பாடம் மறக்கக் கூடாதது. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாய்களை நகராட்சிகள் மாற்றட்டும். நாம் நீரைக் காய்ச்சிக் குடிப்போம். கண் மஞ்சளானால் முதலில் பரிசோதனை, மற்றவை பிறகு.