நேரமில்லை என்பது பொய்

செல்போன் கெடுக்கிறது, சீரியல் கெடுக்கிறது, அதனால்தான் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தைப் பிறரோடு பகிர்வதில்லை என்று பூசைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். நண்பர்களே, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. செல்போன் வருவதற்கு முன்னாலும் நம்மவர்கள் வாயைத் திறந்ததில்லை.

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது இதுதான். திருப்பதி போய்விட்டு வந்தவர் லட்டைப் பிட்டு மேசை மேசையாகக் கொடுப்பார். எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார், என்ன வேண்டிக்கொண்டார் என்று எல்லாம் சொல்வார். ஹஜ்ஜுக்குப் போனவர் பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவருவார். வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு போவார். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த நம் ஆள் மட்டும் "ஊருக்குப் போயிருந்தேன்" என்பார். விபூதிப் புதனன்று காலைப் பூசையில் நெற்றியில் வாங்கிய சாம்பலை அலுவலக வாசலிலேயே கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே வருவார். இதற்கும் செல்போனுக்கும் என்ன சம்பந்தம்?

விதைப்பவன் உவமையை நினைத்துப் பாருங்கள். முட்செடிகள் நடுவே விழுந்த விதையை நெருக்கியவை என்று சேசுநாதர் சொன்னவை இரண்டு. ஒன்று உலகக் கவலை, மற்றொன்று செல்வத்தின் மாயை. அவர் கேளிக்கையைக்கூட முதலில் சொல்லவில்லை, கவலையைத்தான் சொன்னார். நம் ஊரில் அந்தக் கவலை எது என்று உங்களுக்கே தெரியும். மகனுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைக்குமா, மாடியில் இன்னொரு போர்ஷன் எடுக்கலாமா, மனைக்கு என்ன விலை போகிறது, பென்ஷன் அரியர்ஸ் எப்போது வரும். கடற்கரையில் காந்தி சிலைப் பக்கம் மாலையில் உட்கார்ந்து இவற்றை இரண்டு மணி நேரம் பேச நமக்கு நேரம் இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு பாஸ்காலைப் பாடமாக வைத்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டுக்காரர். வரி அதிகாரியான தன் தகப்பனாருக்காகக் கணக்குப் போடும் இயந்திரம் செய்து கொடுத்த மகன். மனிதன் தன்னையே மறப்பதற்குத் தேடும் போக்குகளுக்கு அவர் திவெர்த்திஸ்மான் என்று பெயர் வைத்தார். தமிழில் பராக்கு என்று சொல்லலாம். முயல் வேட்டைக்குப் போகிறவனுக்கு அந்த முயலைச் சும்மா கையில் கொடுத்தால் வேண்டாம் என்பான் என்கிறார். அவனுக்கு வேண்டியது முயல் அல்ல, ஓட்டம். ஓடிக்கொண்டிருக்கும்வரை தன்னைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை அல்லவா?

இந்தப் பராக்கு கோயிலுக்குள்ளும் வந்துவிட்டது என்பதுதான் என் பெரிய குற்றச்சாட்டு. கொடியேற்றம், நவநாள், தேர்பவனி எல்லாம் நல்லவை. நானும் தேருக்குப் பின்னால் நடப்பவன்தான். ஆனால் உபயதாரர் பெயர் பேனரில் எத்தனையாவது வரியில் வர வேண்டும் என்று நடக்கும் சண்டை? வாணவேடிக்கைக்கு வசூல், மைக் செட்டுக்கு வசூல், வளைவு கட்ட வசூல், பங்குப் பேரவையில் பதவிக்குப் போட்டி. பத்து நாள் ஓய்வில்லாமல் உழைக்கிறோம். தேர் நிலைக்கு வந்த பிறகு, எதிர் வீட்டு இந்துச் சகோதரர் "இந்த அந்தோணியார் யாருங்க?" என்று கேட்டால் நாலு வாக்கியம் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்கு இரண்டு சாக்குகள் சொல்வார்கள்.

முதல் சாக்கு, அது சாமியார் வேலை, கன்னியர் வேலை என்பது. மரியாயின் சேனையை 1921இல் டப்ளினில் தொடங்கிய பிராங்க் டப் சாமியார் அல்ல. அயர்லாந்து அரசாங்கத்தில் நம்மைப்போல் உத்தியோகம் பார்த்தவர். அந்தச் சேனையில் சேர்ந்தவர்கள்தான் இன்றும் இருவர் இருவராக வீடு சந்திக்கப் போகிறார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் பார்ப்போம். 2022 மே 15ஆம் தேதி புனிதர் பட்டம் பெற்ற தேவசகாயம் பிள்ளைக்கு முதலில் விசுவாசத்தை எடுத்துச் சொன்னது யார்? 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னருக்கே படை பயிற்றுவித்த டி லனாய் என்ற வெளிநாட்டுப் படைத்தலைவர். பிள்ளையும் அரசாங்க உத்தியோகஸ்தர். கால்நடைகளும் பொருளும் நஷ்டமாகி மனம் நொந்திருந்த பிள்ளையிடம் டி லனாய் யோபுவின் கதையைச் சொன்னார். கூட வேலை பார்ப்பவன் முகம் வாடியிருப்பதைக் கவனித்துக் கேட்டார், தனக்கு ஆறுதலாக இருந்ததை எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752இல் ஆரல்வாய்மொழி மலையில் வேதசாட்சி மரணம். எல்லாம் அந்தப் பேச்சில் தொடங்கியவை.

இரண்டாவது சாக்கு, காலம் சரியில்லை, பேசினால் வம்பு என்பது. நாட்டில் சில இடங்களில் வம்பு வருகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தை ஏற்கவும், கடைப்பிடிக்கவும், பரப்பவும் உரிமை கொடுத்திருக்கிறது. பொது ஒழுங்கு, நல்லொழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று வரம்பும் போட்டிருக்கிறது. பரப்பும் உரிமை என்பது அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, யார் இங்கே மாற்றச் சொன்னார்கள்? ஆசை காட்டியோ பயம் காட்டியோ ஆள் சேர்ப்பது எனக்கும் பிடிக்காது. நீ எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய் என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நம்மைத் தடுப்பது கௌரவம். "இவனும் பிரசங்கம் செய்ய வந்துவிட்டான்" என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம்.

இதனால் யாருக்கு நஷ்டம்? அடுத்த வீட்டுக்காரரை விடுங்கள். வெளியே பேச வெட்கப்பட்ட வாய் வீட்டுக்குள்ளும் பேசவில்லை. பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்குத் தங்கச் சங்கிலி போட்டோம், புதுநன்மைக்கு மண்டபம் பிடித்து பிரியாணி போட்டோம். துன்பம் வந்தபோது தாத்தா எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. இன்று பாரீசிலோ பெங்களூரிலோ இருக்கும் அந்தப் பிள்ளைக்குக் கோயில் என்றால் கல்யாண ஆல்பம் மட்டும்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லவில்லையே.

ஓய்வூதியம் வாங்கும் நமக்கு நேரமில்லை என்று சொல்லும் உரிமை கிடையாது. பஞ்ச் வைக்க வேண்டியதில்லை, லீவு எழுத வேண்டியதில்லை. தெருவில் துக்க வீடு இருக்கிறது, ஆஸ்பத்திரியில் தெரிந்தவர் படுத்திருக்கிறார், வாரத்துக்கு ஒரு முறை வீடியோவில் கூப்பிடும் பேரன் இருக்கிறான். பேனரில் பெயர் போட ஓடும் கால்கள் அங்கே போகட்டும். போனால், முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள். பிறகு உங்களைத் தாங்கியது எது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.