மருந்துத் திகதி தவறினால்

மாண்புமிகு சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், சூலகப் புற்றுநோய்க்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருப்பது எங்களுக்குப் பெரும் ஆறுதல். மஹரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறித் திரிந்த காலத்தை இங்கே பலரும் மறக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி கிட்ட இருந்தால் மட்டும் போதாது. மருந்து ஏற்றும் திகதி தவறக்கூடாது.

சூலகப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் கார்போபிளாட்டினும் பக்லிடாக்சலும் 3 கிழமைக்கு ஒரு தடவையாக 6 தடவை ஏற்றுகிறார்கள். உடலின் நல்ல கலங்கள் தேறிக்கொள்ள வேண்டும், புற்றுக்கலங்கள் தேற விடக்கூடாது. அதற்காகத்தான் அந்த இடைவெளி. கருப்பைக் கழுத்தில் முற்றிய கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை நடக்கும்போதே கிழமைக்கு ஒரு தடவை சிஸ்பிளாட்டின் ஏற்றுவது 1999இல் வந்த ஆய்வு முடிவுகளுக்குப் பிறகு உலக வழமையாயிற்று. அந்தக் கதிர்ச் சிகிச்சை முழுவதும் 8 கிழமைக்குள் முடிய வேண்டும். இழுபட்டால் நோயைக் கட்டுப்படுத்துவது கடினம்.

2022இல் டொலர் இல்லாமல் நாடெங்கும் மருந்து தட்டுப்பட்டபோது இந்தக் கணக்கெல்லாம் குலைந்தது. "அடுத்த கிழமை வரச் சொல்லியிருக்காங்க கா" என்று சொல்லித் திரும்பிய பெண்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில் சுற்றி, மழைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் அவர்கள் வருவார்கள். மண்டூர்த் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்று, வாவியைக் கடந்து, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இரத்தம் எடுக்கிறார்கள். மருந்து கைவசம் இருந்தாலும், வெள்ளை அணுக்கள் குறைவென்றால் அன்றைக்கு ஏற்றமாட்டார்கள். ஒருநாள் கூலி போய்விடும், உடம்பும் சோர்ந்துவிடும்.

இதைவிடப் பயங்கரம், மருந்து ஏற்றி வீடு திரும்பிய பின் வரும் காய்ச்சல். 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது உடற்சூடு 38 பாகை செல்சியசைத் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் அன்ரிபயோட்டிக் ஏற வேண்டும். வெல்லாவெளிப் பக்கம் இரவு எட்டு மணிக்குமேல் யானைக்குப் பயந்து எவரும் வீதிக்கு இறங்குவதில்லை. மாரியில் வீதியே வெள்ளத்துக்குள். பனடோல் இரண்டைப் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கும் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை வருமுன் காப்பதற்கு நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 1996 முதல் வெல் வுமன் கிளினிக்குகள் இயங்குகின்றன. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள். இன்றைக்கு மருந்தில் இருக்கும் தாய்மாருக்கு அந்த ஊசி காலம் கடந்தது. சூலகப் புற்றுநோய்க்கோ நம்பத்தக்க முன்சோதனை இன்னும் எங்குமே இல்லை. அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது இந்த மருந்தைத்தான்.

ஆகையால் கேட்கிறேன். கார்போபிளாட்டின், பக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகளும், அவற்றோடு போக வேண்டிய வாந்தித் தடுப்பு மருந்தும், 3 மாத இருப்புக்குக் குறையாமல் எந்நேரமும் மட்டக்களப்பில் இருக்க மருத்துவ வழங்கல் பிரிவைப் பொறுப்பாக்குங்கள். மருந்து ஏற்றும் நாளுக்கு முந்தின நாளே மகிழடித்தீவிலும் மண்டூரிலும் இரத்தம் சோதித்து, "வாருங்கள்" அல்லது "பொறுங்கள்" என்று தொலைபேசியில் சொல்ல வழிசெய்யுங்கள். ஒவ்வொரு பெண்ணின் கொப்பியிலும் ஒரு காய்ச்சல் அட்டை ஒட்டப்பட வேண்டும். அதைக் காட்டியவுடன் கிட்டிய வைத்தியசாலை முதல் ஊசியைப் போட்டு, அம்புலன்சில் அனுப்ப வேண்டும். கார்த்திகையில் எங்கள் வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். இவற்றுக்கான உங்கள் சுற்றறிக்கை அதற்கு முன்னர் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
படுவான்கரைவாசி ஒருவர்