அறுந்தால்தான் மாற்றுவீர்களா?

ஏற்காடு போயிருக்கிறீர்களா? சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்து மூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அந்த ஈரத்தில் கிடாரைத் திறந்தபடி சுவரில் மாட்டிவிட்டு, 'பையனுக்கு ஞானம் போதாது சார்' என்பார்கள்.

பையன் மேல் தப்பே இல்லை. செத்துப்போனது கம்பி! ஈரமும் விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்து எஃகை அரிக்கும். அறுவதற்கு வெகு முன்பே நாதம் மழுங்கிவிடும். தடவிப் பாருங்கள். சொரசொரப்பா? கறுத்திருக்கிறதா? எத்தனை முறை சேர்த்தாலும் சுருதி நிற்கவில்லையா? ஆறையும் மாற்றுங்கள்.

பல ஆயிரம் கொடுத்துக் கிடார் வாங்கிய கை, சில நூறு ரூபாய்க் கம்பிக்கு ஏன் நடுங்குகிறது? இது சிக்கனமில்லை, பிள்ளையின் காதைக் கெடுக்கும் கஞ்சத்தனம்.

'வெடித்தால்தான் டயர் மாத்துவேன்' என்று ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஓட்டுவீர்களா, என்ன?