"கூத்தாடிப் படிப்பா?"ன்னு கேக்குறவங்களுக்கும், "இப்ப இது தேவையா தோழர்?"னு கேக்குறவங்களுக்கும்

தோழர்களே,

காந்திபுரம் டவுன் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. நூறடி ரோடு, கிராஸ்கட் ரோடு, நஞ்சப்பா ரோடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் போர்டு. நீட் பயிற்சி. டிஎன்பிஎஸ்சி பயிற்சி. ஜாவா, பைத்தான். சரளமாக ஆங்கிலம் பேச உடனே அணுகவும். பிளஸ் டூ முடிச்ச பிள்ளையை என்னவாக ஆக்கலாம்னு இந்த ஊர் யோசிச்சு வெச்சிருக்கிற அத்தனையும் அந்த போர்டுகள்ல இருக்கு. நாடகம் மட்டும் இல்லை.

கோவையில் அரசு செலவில் நாடகத்துக்கு மூன்றாண்டு இளநிலைப் பட்டப் படிப்பு வேண்டும் என்று நாம் பேச ஆரம்பித்ததும் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "கூத்தாடிப் பட்டத்துக்கு எங்க வரிப்பணமா?" இன்னொன்று நம்ம ஆட்களே கேட்பது: "மில்லு மூடிக் கிடக்குது, விசைத்தறிக் கூலி பிரச்சினை தீரல, இப்ப இதுங்களா தோழர் முக்கியம்?"

ரெண்டாவது கேள்வி நியாயமானது. அதுக்குக் கடைசியில வர்றோம். முதல்ல அந்த "கூத்தாடி".

கூத்து ஆடுறவர் கூத்தாடி. நெசவு நெய்கிறவர் நெசவாளி என்பது மாதிரி ஒரு தொழிற்பெயர். அது எப்படி வசவு ஆச்சு? உடுக்கை அடிச்சது யாரு, பறை அடிச்சது யாரு, விடிய விடிய வேஷம் கட்டி ஆடிட்டு நெல்லும் பழைய துணியும் கூலியா வாங்கிப் போனது யாருன்னு பாருங்க, பதில் கிடைக்கும். அதே வாய் தன் வீட்டுப் பொண்ணுக்கு லட்சக்கணக்குல செலவு பண்ணி அரங்கேற்றம் வெச்சா, அதுக்குப் பேரு கலை. இன்விடேஷன் தங்க எழுத்துல அடிப்பாங்க.

அப்புறம் இந்த மாநிலத்துல உட்கார்ந்துக்கிட்டா கூத்தாடியைப் பழிக்கிறீங்க? அண்ணா நாடகம் எழுதினார், வேஷம் போட்டு மேடையிலும் ஏறினார். கலைஞர் நாடகம் எழுதினார், நடித்தார். எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். இவங்களோட நமக்குள்ள அரசியல் சண்டை தனிக்கதை. ஆனா கோட்டைக்குப் போன பாதை நாடகக் கொட்டகை வழியாப் போச்சுங்கிறது வரலாறு. விழுப்புரம் சின்னையா கணேசனை "சிவாஜி" ஆக்கியது ஒரு நாடக வேஷம். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் நம்ம ஈரோட்டுப் பெரியார். தமிழ்நாட்டு மேடையையும் திரையையும் பாட்டால் நிறைத்த உடுமலை நாராயணகவி பூளவாடிக்காரர். எம்.ஜி.ஆர். கதாநாயகனான "ராஜகுமாரி" (1947) உருவானது சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில். தறி ஓடின மாதிரியே நாடகமும் சினிமாவும் ஓடின மண் இது.

"சரி, அவங்கெல்லாம் பட்டம் வாங்கிட்டா நடிச்சாங்க?" இதைக் கேட்டுட்டா நம்மளை மடக்கிட்டதா ஒரு நினைப்பு.

வாங்கலீங்க. பள்ளிக்கூடம் போனாங்க. அந்தப் பள்ளிக்கூடத்தோட பேரு பாய்ஸ் கம்பெனி. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதில் சேர்ந்த சிறுவர்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் இருந்தார்கள். ஏழெட்டு வயசுப் பிள்ளைகள். சோறு அங்கேயே, தூக்கம் அங்கேயே. காலையில் பாட்டு, பிறகு வசனம், ஆட்டம், ராத்திரி மேடை. ஒரு பையன் பெண் வேஷத்தில் தொடங்கி ராஜா வேஷம் வரைக்கும் வர ஏழு, எட்டு வருஷம். குரல் உடைஞ்சா வேற வேஷம், வேற பயிற்சி. எந்தப் பட்டப் படிப்பைவிடவும் நீளமான பாடத்திட்டம் அது. கொடுமையான பாடத்திட்டமும்கூட. அடி உண்டு, பசி உண்டு, சம்பளம் இருந்தா உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகளை வெச்சு முதலாளிகள் நடத்திய கம்பெனி. அதுக்கு நாம கண்ணீர் விட வேண்டியதில்லை.

ஆனா சினிமா வந்து அந்தக் கம்பெனிகள் மூடினபோது, கூடவே ஒரு பயிற்சி முறையும் செத்துப்போச்சு. கொடுமையை ஒழிச்சுட்டு பயிற்சியை மட்டும் அரசு எடுத்து நடத்தியிருக்க வேண்டிய இடம் அது. குருகுலக் கல்வி போய் ஹைஸ்கூல் வந்தது. நாட்டு வைத்தியரிடம் கற்றது போய் மெடிக்கல் காலேஜ் வந்தது. பாய்ஸ் கம்பெனி போன இடத்துல என்ன வந்துச்சு? "இயல், இசை, நாடகம்"னு மேடைக்கு மேடை முத்தமிழ் பேசுற நாட்டுல, மூணாவது தமிழுக்கு வருஷா வருஷம் கலைமாமணி உண்டு, சால்வை உண்டு. பிளஸ் டூ முடிச்ச பிள்ளை உட்கார வகுப்பறைதான் இல்லை.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பேரிலேயே நிகழ்கலைப் பள்ளி தொடங்கி, எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதை நடத்தினார். ரெண்டும் நல்ல முயற்சிகள், நல்ல கலைஞர்களைக் கொடுத்தவை. ஆனா ரெண்டும் முதன்மையா முதுநிலைக்கும் ஆய்வுக்குமான இடங்கள். அதாவது வேற ஏதோ ஒரு டிகிரியை மூணு வருஷம் படிச்சுட்டு வா, அப்புறம் நாடகம். அந்த மூணு வருஷத்தை வேண்டாத படிப்புல கழிக்க எந்த வீட்டுப் பிள்ளைக்கு வசதி இருக்கும்?

நம்ம பாரதியார் பல்கலைக்கழகத்தை எடுத்துக்குங்க. 1982-ல் தொடங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி நாலு மாவட்டக் கல்லூரிகளும் அதோட குடையின் கீழ. நாடகமும் எழுதி, நடிச்சும் காட்டக்கூடிய பிள்ளைக்கு அங்கே ஒரு நாடகத்துறை கிடையாது. பாரதியார் பேர்ல!

இப்ப வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டுங்க. உக்கடத்துல பஸ் ஏறி பாலக்காடு, அங்கிருந்து திருச்சூர். மொத்தம் நூறு கிலோமீட்டர் சொச்சம். அங்கே அரணாட்டுக்கரையில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. ஜி. சங்கரப் பிள்ளை 1977-ல் தொடங்கியது. பி.டி.ஏ. என்று மூன்றாண்டு இளநிலைப் பட்டம், அரசுப் பல்கலைக்கழகப் பட்டம். இதுல நமக்கு உறைக்க வேண்டிய சங்கதி ஒண்ணு இருக்கு. அந்தப் பள்ளியைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் சே. இராமானுஜம். நம்ம தமிழ் நாடகக்காரர். பின்னாளில் தஞ்சைக்கு வந்து ஆசிரியரானவர். ஆள் நம்ம ஆள், பள்ளிக்கூடம் அவங்களுக்கு. அந்தப் பள்ளி வந்து அரை நூற்றாண்டு ஆகப்போகுது, மலை மறைச்சுதோ என்னவோ, நம்ம ஆட்சியாளர்கள் யார் கண்ணுக்கும் அது தெரியவே இல்லை.

"டெல்லியில தேசிய நாடகப் பள்ளி இருக்கே, அங்க போகலாமே?" போகலாம். 1959-ல் தொடங்கியது, மரியாதைக்குரிய நிறுவனம். நுழைவுத் தகுதியைப் படிச்சுப் பாருங்க. முதலில் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். ஏற்கெனவே ஆறு நாடகங்களில் பங்கேற்றிருக்க வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் புழங்கத் தெரிந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு முப்பது பேர் அளவில்தான் இடம், மொத்த இந்தியாவுக்கும் சேர்த்து. அதன் மையங்கள் பெங்களூருவில் உண்டு, வாரணாசியில் உண்டு, காங்டாக்கில் உண்டு, அகர்தலாவில் உண்டு. தமிழ்நாட்டில் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு அளவே சொல்கிறது: ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம், மூன்று வகைத் திரை. இப்படி எழுதி வெச்ச மொழியில நாடகம் கத்துக்க, முதல்ல இந்தி கத்துக்கிட்டு வான்னு ஒன்றிய அரசு சொல்லுது.

இன்னும் கொஞ்சம் தெற்கே பார்ப்போம். இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே "நாடகமும் அரங்கியலும்" ஒரு பாடம். உயர்தரப் பரீட்சையில் எழுதலாம், பல்கலைக்கழகத்தில் தொடரலாம். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் அதற்குப் பட்டம் உண்டு. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவருடைய "மண் சுமந்த மேனியர்" 1985-ல் மேடையேறியது. எந்த வருஷம்னு கவனிச்சீங்களா? ஊரடங்கு, செல் அடி, ஆள் காணாமப் போறது, இதுக்கு நடுவுல. பேராசிரியர் மௌனகுரு தலைமுறை கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டு போனது. போருக்கு நடுவுல அவங்களால ஒரு பாடத்தைக் கட்டி நிறுத்த முடிஞ்சிருக்கு. நமக்குக் குறுக்கே எந்த செல் விழுந்துச்சு?

இப்ப நம்ம தோழர்களோட கேள்வி. மில், தறி, கூலி, இதுக்கு நடுவுல நாடகமா?

ஆமாங்க. நாடகத்தோட பலம் நம்மைவிட ஆளுறவனுக்கு நல்லாத் தெரியும். வெள்ளைக்காரன் 1876-லேயே நாடகத்துக்குத் தடைச்சட்டம் போட்டான். சுதந்திரம் வந்த பிறகு, 1954-ல், சென்னை மாகாண அரசு எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனசுல வெச்சு புதுசா ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது. ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்கிற வரைக்கும் அது புத்தகத்தில் உயிரோடு இருந்தது. டெல்லி பக்கத்துல சாகிபாபாத் தொழிற்பேட்டையில், 1989 ஜனவரி 1 அன்று, தொழிலாளர்களுக்காக வீதி நாடகம் போட்டுக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியை அடித்தார்கள், மறுநாள் இறந்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அன்று கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று ஹஷ்மியின் துணைவியார் மொலோயஸ்ரீ அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முடித்துக் காட்டினார். நம்ம இயக்கத்துக்கு நாடகம் பொழுதுபோக்குன்னு இனி யாராவது சொன்னா, இந்த நாலு நாளைச் சொல்லுங்க.

1961-ல் ஜீவா கலை இலக்கியப் பெருமன்றத்தைத் தொடங்கியது இதே கோவையில்தான். சின்னியம்பாளையம் தியாகிகள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரையும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். வருஷா வருஷம் மாலை போடுறோம், கொடி ஏத்துறோம். அவினாசி ரோட்டு ஐ.டி. கம்பெனியில ராத்திரி ஷிப்ட் பார்க்கிற இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு அந்த நாலு பேர் யாருன்னு தெரியுமா? ஒன்றரை மணி நேரம் அவளை உட்கார வெச்சு அதைக் காட்டத் தெரிந்த கலைஞர்கள் நமக்கு வேணும். ஆர்வம் இருக்கிற தோழர்கள் இருக்காங்க, ஷிப்ட் முடிஞ்சு ஒத்திகைக்கு வர்றாங்க, தொண்டை கட்டுற வரைக்கும் கத்துறாங்க. குரலை எப்படிக் காப்பாத்தறதுன்னு சொல்லித்தர ஆள் இல்லை.

இது வர்க்கப் பிரச்சினையும்தான். காசு இருக்கிறவன் பிள்ளைக்கு நடிப்புப் பயிற்சி கிடைக்காமலா இருக்கு? சென்னையில பட்டறை, மும்பையில மூணு மாச கோர்ஸ், லண்டன்ல டிகிரி. காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் உடுக்கையோடு பாடிய அண்ணன்மார் கதையை 1965-ல் பதிவு செய்து உலகத்துக்குக் கொண்டுபோனவர் கனடாவிலிருந்து வந்த பிரெண்டா பெக். அவருக்கு நன்றி. ஆனா அந்த உடுக்கைக்காரர்களின் பேரப்பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் அதைப் பாடமா படிக்கிறாங்க? வீட்டில் கலை இருக்கு, கையில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாததால வேலை இல்லை. வேலை இல்லாததால பனியன் கம்பெனி.

கோரிக்கையைத் தெளிவாச் சொல்லிடறோம், யாரும் திரிக்க வேண்டாம். மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரி இருக்கு. பாட்டும் வாத்தியமும் அங்கே சொல்லித்தர்றாங்க. அங்கேயோ, பாரதியார் பல்கலைக்கழகத்திலோ, நாடகத்துக்கு இளநிலைப் பட்டம் தொடங்க வேண்டும். தமிழ்வழியில். அரசுக் கட்டணத்தில். விடுதியோடு, முக்கியமா பெண் பிள்ளைகளுக்கு, ஏன்னா ஒத்திகை ராத்திரி ஒன்பது மணிக்கு முடிஞ்சா சூலூருக்கும் அன்னூருக்கும் அவங்க எப்படிப் போவாங்க? கோடிக்கணக்குல லேப் எல்லாம் தேவையில்லை. ஒரு நல்ல மரத்தரை, கொஞ்சம் விளக்கு, ஒரு தச்சுப் பட்டறை, ரெண்டு தையல் மெஷின். செட்டுக்கு வெல்டிங் அடிக்க கணபதியில ஆளா இல்லை?

அதோட பணியிடமும் வேணும். இதை விட்டுட்டுப் பட்டத்தை மட்டும் கேட்டா அது பிள்ளைகளை ஏமாத்தற வேலை. 2012-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி எல்லாத்துக்கும் சேர்த்து 16,549 பேரை அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவங்க சென்னையில எத்தனை முறை ரோட்டுல உட்கார்ந்தாங்கன்னு நமக்குத் தெரியும். அந்தக் கதை நாடகப் பட்டதாரிக்கு வேண்டாம். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு முழுநேர நாடக ஆசிரியர், நிரந்தரப் பணியில். அதுலேர்ந்து தொடங்கட்டும்.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்குது. நல்ல திட்டம், பாராட்டுறோம். நாடகத்துலயும் பிள்ளைகள் பரிசு வாங்குறாங்க, போட்டோ வருது, ஹெட்மாஸ்டர் ஸ்டேட்டஸ் போடுறாரு. உங்க ஊர் அரசுப் பள்ளியில அப்படி நாடகத்துல ஜெயிச்ச பிள்ளை யாராவது இருந்தா, வீட்டுக்குப் போய்ப் பாருங்க தோழர்களே. பிளஸ் டூ முடிச்சதும் எந்தக் காலேஜ்ல, எந்த கோர்ஸ்ல சேர்ந்தாங்க, சேரவே இல்லைன்னா இப்ப என்ன வேலை பார்க்கறாங்கன்னு கேளுங்க. பிள்ளையோட பேர் வேண்டாம். ஊரும் கோர்ஸும் மட்டும் எழுதி நம்ம கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க. அந்தக் கட்டோடதான் கலெக்டர் ஆபீஸ் போகணும்.

#கோவைக்கு_நாடகப்_பட்டம்
#மூன்றாம்_தமிழுக்கு_வகுப்பறை