ஆப்பசோடாவுக்கு ஒரு இரவு கொடுங்கள்

ஓவனில் கருகி ஒட்டிய எண்ணெய்க்குக் காஸ்டிக் ஸ்ப்ரேதான் வழி, ஆப்பசோடா சும்மா என்கிறார்கள். ஒப்ப முடியாது. பூசிய பத்தாவது நிமிடமே துடைத்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இது. சோடா மென்மையான காரம். அதற்கு வேண்டியது நேரம். பிளக்கைப் பிடுங்கி, ஆறிய ஓவனில், அரை கப் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஹீட்டர் கம்பியில் படாமல் பூசி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஈரத்துணியும் பிளாஸ்டிக் சுரண்டியும் போதும். விடாத இடத்தில் மறுபடி பூசுங்கள்.

வினிகரையும் சேர்த்துக் குழைக்கச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. நுரை பொங்கும், அவ்வளவுதான். அமிலம் காரத்தின் வலுவைத் தின்றுவிடும்.

ஸ்ப்ரே வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், அலுமினியத்தை அரிக்கும். பிள்ளைகளுக்குக் கேக் வேகும் பெட்டிக்குள் அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.