கேட்டால் மட்டும் போதுமா?

ஆரணியில் பட்டுத் தறியின் முன் அமர்ந்தவருக்குக் கையும் காலும் கண்ணும் வேலையில் இருக்கும். செவிக்கு மட்டுமே சிறிது ஓய்வுண்டு. அந்தச் செவியை நாடி இன்று கைப்பேசி வழியே மார்க்கப் பாடங்கள் வருகின்றன. ‘பாட்காஸ்ட்’ எனும் ஒலிப்பதிவு உரைகளை விரும்பிய வேளையில் கேட்கலாம். புரியாவிடில் மீண்டும் கேட்கலாம். இளமையில் மக்தபுக்குச் செல்ல வாய்ப்பின்றிப் போன தாய்மார்களுக்கு இது பெரும்பேறேயாகும்.

இதனைப் புதுமை என்று ஒதுக்குவதற்கில்லை. எகிப்து நாட்டின் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் ஓதிய திருக்குர்ஆன் முழுவதும் 1961-ஆம் ஆண்டிலேயே ஒலிப்பதிவாக வெளிவந்தது. கற்போருக்கென அவர் தனியாகவும் ஓதிப் பதிவு செய்துள்ளார். அதில் மாணவர் திருப்பி ஓதுவதற்கு இடைவெளி விடப்பட்டிருக்கும். அந்த இடைவெளியே பாடத்தின் உயிர். இரு மடங்கு வேகத்தில் உரைகளைக் கேட்டு முடிப்பதாகப் பெருமை பேசுவோரும் உளர். எதை முடித்தார்கள் என்பதை அவர்களே அறிவர்!

ஆயினும், இடைவெளியில் பிள்ளை தவறாக ஓதினால் கருவி அதனை அறியுமா? அரபியில் ‘காஃப்’ எழுத்தும் ‘கஃப்’ எழுத்தும் வேறு வேறு. தமிழிலோ இரண்டுக்கும் ‘க’ ஒன்றே. இதயத்தைக் குறிக்கும் ‘கல்பு’, ஒலி மாறினால் நாயைக் குறித்துவிடும். பாவில் அறுந்த இழையை உடனே பிணைக்காவிடில், நெய்த பின் அக்குறை சேலையிலேயே நின்றுவிடும். பிள்ளையின் நாவில் படிந்த பிழையும் அத்தகையதே.

பள்ளிக் கல்வியிலும் இதனைக் கண்டோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பாடங்களை ஒளிபரப்பிற்று. எனினும், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ எனத் தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரமலான் தோறும் வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் திருக்குர்ஆனை ஓதிச் சரிபார்த்து வந்தார்கள். இறுதி ஆண்டில் இருமுறை அவ்வாறு நிகழ்ந்தது. தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் செய்து கேட்டும் இருக்கிறார்கள். ஓதுவதும் கேட்பதும் இருபுறமும் நிகழ்ந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே, ஒலிப்பதிவை உஸ்தாதுக்கு மாற்றாகக் கொள்ளாமல், உதவியாகக் கொள்வோம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் எனில், ஒருவருக்கு மூன்று நிமிடமே கிட்டும். அதிலும் பாதியை உஸ்தாத் ஓதிக் காட்டுவதில் செலவிட்டால் மிஞ்சுவது ஒன்றரை நிமிடம். மறுநாள் பாடத்தின் சில வசனங்களை அவரே தம் குரலில் பதிந்து முன்னிரவில் வீடுகளுக்கு அனுப்பட்டும். பிள்ளைகள் கேட்டுப் பழகி வரட்டும். மக்தப் நேரம் முழுவதும் அவர் ஒவ்வொருவரையும் ஓதச் சொல்லிக் கேட்கட்டும்.

தறி வீட்டுப் பெண்களுக்கோ, வாரம் ஒருமுறையேனும் அவர்கள் ஓதுவதைக் கேட்டுத் திருத்த ஓதத் தெரிந்த ஒரு பெண்மணி வேண்டும். அவருக்குரிய ஊதியத்தை ஜமாஅத்தார் மனமுவந்து ஏற்க வேண்டும்.